சென்னை – மதுரை: வான்வழித் தொலைவும் சாலைத் தொலைவும் வாசல் முதல் வாசல் வரையான நேரமும் கணக்கிடும் முறை

சென்னைக்கும் மதுரைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று தேடினால் 417, 421, 425, 460, 493 என ஐந்து எண்கள் கிடைக்கின்றன. ஐந்துமே கிலோமீட்டர்தான், ஐந்துமே சரியானவைதான். முதலாவது விமான நிலையத்துக்கு விமான நிலையம் அளந்த நேர்கோடு. இரண்டாவது ஊரின் மையத்துக்கு மையம் அளந்த நேர்கோடு. மூன்றாவது கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்து மதுரையின் மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் வரையான சாலை. நான்காவது சென்னையின் நடுப்பகுதியிலிருந்து புறப்படும் காருக்கான சாலை. ஐந்தாவது எழும்பூரிலிருந்து மதுரைச் சந்திப்பு வரை தண்டவாளத்தின் நீளம். எதற்கும் எதற்கும் இடையே அளந்தது என்று கேட்காமல் முதலில் கண்ணில் பட்ட எண்ணை எடுத்துக்கொள்வதில்தான் புதியவர்களின் பிழை தொடங்குகிறது.

எங்கள் அலுவலகத்தில் மதுரைக்குச் சென்று வருவோரின் பயணத்தை ஏற்பாடு செய்யும் வேலை சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. “விமானம் ஒன்றேகால் மணி நேரம், கார் ஏழு மணி நேரம்” என்ற இரண்டு எண்களை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுத்துவிட்டு, பிறகு பாதி வழியிலிருந்து தொலைபேசியில் அழைப்பவர்களைப் பலமுறை பார்த்துவிட்டேன். அவர்களுக்குச் சொல்லும் வரிசையையே இங்கே எழுதுகிறேன். வரிசை முக்கியம், ஒரு படியைத் தாண்டிச் சென்றால் அடுத்த படியில் கிடைக்கும் எண் வேறொன்றின் விடையாகிவிடும்.

முன்னதாகத் தேவைப்படுபவை

இரு ஊர்களிலும் உள்ள முழு முகவரி, போய்ச் சேர வேண்டிய நாளும் நேரமும், உடன் வருவோரின் எண்ணிக்கை, பெட்டிகளின் எடை ஆகியவை உங்களிடம் இருக்க வேண்டும். வரைபடச் செயலி உள்ள கைப்பேசியும் ஒரு தாளும் போதும். தாள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. செயலி ஒரு திரையில் ஒரு விடையைத்தான் காட்டும். நமக்கு ஏழெட்டு எண்களை ஒருசேரப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1. ஊரின் பெயரை விட்டு, இரண்டு வாசல்களை எழுதுங்கள்

செயலியில் “சென்னை” என்று மட்டும் தட்டினால் அது நகரின் மையத்தில் ஒரு புள்ளியை வைத்துக்கொள்கிறது. நீங்கள் இருப்பது தாம்பரமாக இருந்தால் அந்தப் புள்ளிக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையே மதுரை நோக்கியே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வித்தியாசம் வரும். பெரம்பூராக இருந்தால் கணக்கு எதிர்த்திசையில் பிசகும். நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டர் என்பது 20 நிமிடம். சென்னைக்குள் அதே 25 கிலோமீட்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆகவே பிழை தொலைவில் சிறிதாகத் தெரிந்தாலும் நேரத்தில் பெரிதாக வளர்ந்துவிடுகிறது.

மதுரைப் பக்கத்திலும் இதே கவனம் தேவை. சென்னைச் சாலை மேலூர் வழியாக மதுரையின் வடகிழக்கில் வந்து சேர்கிறது; மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. விமான நிலையமோ ஊருக்குத் தெற்கே, மையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கிறது. கே.கே. நகருக்குச் செல்பவருக்குச் சாலை சாதகம், திருப்பரங்குன்றத்துக்குச் செல்பவருக்கு விமானம் சாதகம். இரண்டு பேரும் “மதுரை” என்றுதான் சொல்வார்கள்.

2. கிழமையையும் சேர வேண்டிய நேரத்தையும் குறியுங்கள்

தொலைவை அளப்பதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்னை–மதுரைச் சாலையின் நீளம் எல்லா நாளும் ஒன்றே. ஆனால் பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு வரையான பகுதியின் நேரம் செவ்வாய்க்கிழமை காலைக்கும் வெள்ளிக்கிழமை மாலைக்கும் இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது. நாள் தெரியாமல் போட்ட கணக்கு எந்த நாளுக்கும் பொருந்தாது.

எழுத வேண்டியது புறப்படும் நேரம் அல்ல, சேர வேண்டிய நேரம். “காலையில் கிளம்பினால் போதும்” என்று தொடங்கியவர்கள்தான் முகூர்த்தம் முடிந்து பந்திக்கு வந்து சேர்கிறார்கள்.

3. வான்வழித் தொலைவைக் கையாலேயே கணக்கிடுங்கள்

இணையத்தில் எண் கிடைக்கும்போது கணக்கு எதற்கு என்று தோன்றலாம். ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால், பின்னர் தவறான எண் கண்ணில் படும்போது உடனே பிடித்துவிடலாம் என்பதுதான் காரணம்.

சென்னை விமான நிலையம் வடக்கு அட்சரேகை 12.99 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 80.17 பாகையிலும் இருக்கிறது. மதுரை விமான நிலையம் 9.83 பாகையிலும் 78.09 பாகையிலும் இருக்கிறது. அட்சரேகை வித்தியாசம் 3.16. நம் பகுதியில் ஒரு பாகை அட்சரேகைக்கு ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர் என்பதால் வடக்கு–தெற்கு விலகல் சுமார் 350 கிலோமீட்டர். தீர்க்கரேகை வித்தியாசம் 2.08. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால் இந்த அட்சரேகையில் ஒரு பாகைக்கு 109.1 கிலோமீட்டர் மட்டுமே வரும். கிழக்கு–மேற்கு விலகல் சுமார் 227 கிலோமீட்டர். இனி பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணம்தான்: 350இன் வர்க்கத்தையும் 227இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 417 கிடைக்கிறது. இவ்வளவு குறைந்த தொலைவில் பூமியின் வளைவால் ஏற்படும் வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. சென்னையிலிருந்து லண்டனுக்கு இந்த முறையில் போடக்கூடாது.

இந்தப் படியில் இரண்டு பிழைகளை அடிக்கடி காண்கிறேன். முதலாவது, 12 பாகை 59 கலை என்று எழுதப்பட்டிருப்பதை 12.59 என்று எடுத்துக்கொள்வது. 60 கலை சேர்ந்தால்தான் ஒரு பாகை. ஆகவே 59 கலை என்பது 0.98 பாகை. இந்த ஒரு தவறே வடக்கு–தெற்கு விலகலில் 43 கிலோமீட்டரை விழுங்கிவிடும். இரண்டாவது, அலகைக் கவனிக்காமல் விடுவது. இதே தொலைவு மைலில் 259, கடல் மைலில் 225. விமானத் தகவல் தரும் தளங்கள் பெரும்பாலும் கடல் மைலைப் பயன்படுத்துகின்றன. 225 என்பதைக் கிலோமீட்டராக எண்ணி, “விமானம் பாதித் தூரம்தான் பறக்கிறது” என்று வியந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

உண்மையில் விமானம் 417 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகவே பறக்கிறது. இரு நிலையங்களின் முக்கிய ஓடுபாதையும் ஏறக்குறைய கிழக்கு மேற்காக அமைந்திருக்க, போக வேண்டிய திசையோ தெற்கு, தென்மேற்கு. மேலெழுந்ததும் ஒரு திருப்பம், இறங்குமுன் ஒரு திருப்பம் தவிர்க்க முடியாதவை.

4. சாலைத் தொலைவை எடுத்து, நேர்கோட்டால் வகுத்துப் பாருங்கள்

இப்போது செயலியில் வாசலுக்கு வாசல் சாலைத் தொலைவை எடுங்கள். நகரின் நடுவிலிருந்து நடுவுக்கு சுமார் 460 கிலோமீட்டர் வர வேண்டும். அதை நேர்கோட்டுத் தொலைவான 421ஆல் வகுத்தால் 1.09 கிடைக்கிறது.

இந்த விகிதம் சாலையின் குணத்தைச் சொல்லிவிடும். சென்னை–கோயம்புத்தூருக்கு நேர்கோடு 427, சாலை சுமார் 505, விகிதம் 1.18. மதுரை–கொடைக்கானலுக்கு நேர்கோடு 77 மட்டுமே. சாலை 115ஐ ஒட்டி வருவதால் விகிதம் 1.5 ஆகிறது. விகிதம் 1.15க்குக் கீழே இருந்தால் வழியில் மலையோ பெரிய சுற்றோ இல்லை என்று கொள்ளலாம், 1.4ஐத் தாண்டினால் மலைப்பாதை இருக்கிறது, கிலோமீட்டரை வைத்து நேரம் சொல்லக்கூடாது என்று பொருள்.

சென்னை–மதுரைக்கு விகிதம் 1.2 என்று வந்தால் செயலி உங்களை வேறெங்கோ கொண்டுபோகிறது. பெரும்பாலும் “சுங்கச்சாலைகளைத் தவிர்” என்ற அமைப்பு முன்பு எப்போதோ இயக்கப்பட்டு அப்படியே இருக்கும். நண்பர் ஒருவரின் கைப்பேசியில் இது கிடந்ததால், விழுப்புரத்தைத் தாண்டியும் ஊர்ச்சாலைகளுக்குள் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்களின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தார். அமைப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது அரை நிமிட வேலை.

சரியான வழியின் அடையாளம்: தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர். சாலை எண்ணை வைத்துத் தேடுபவர்கள் குழம்புவதுண்டு. பழைய தேசிய நெடுஞ்சாலை 45 என்ற பெயர் இன்னும் பேச்சில் இருந்தாலும், இப்போதைய எண்கள் சென்னையிலிருந்து திண்டிவனம் வரை 32, திண்டிவனம்–விழுப்புரம் 132, அங்கிருந்து மதுரை வரை 38. திண்டிவனத்தில் 32ஐப் பின்தொடர்ந்தே சென்றால் புதுச்சேரிக்குப் போய்ச் சேர்வீர்கள்.

5. காரின் நேரத்தை நான்கு துண்டுகளாகப் போடுங்கள்

மொத்தத் தொலைவை ஒரே சராசரி வேகத்தால் வகுப்பதே இந்தக் கணக்கில் நடக்கும் மிகப் பெரிய தவறு. ஸ்பீடாமீட்டரில் 90ஐப் பார்த்துவிட்டு 460ஐ 90ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரம் கிடைக்கும். அந்த ஐந்து மணி நேரத்தில் யாரும் போய்ச் சேர்ந்ததில்லை. சாலையின் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி இயல்பு உண்டு.

நகருக்குள் இருக்கும் பகுதியைத் தனியாக எழுதிவிட்டு, கிளாம்பாக்கத்திலிருந்து தொடங்குங்கள். கிளாம்பாக்கம்–திண்டிவனம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என ஊர்கள் சாலையை ஒட்டியே நெருங்கியிருப்பதாலும், பரனூர் சுங்கச்சாவடியும் மாமண்டூர் பாலாற்றுப் பாலமும் வண்டிகளை ஓரிடத்தில் குவிப்பதாலும், சாதாரண நாளில் இதற்கு ஒன்றரை மணி நேரம் வையுங்கள். வெள்ளி மாலை என்றால் இரண்டரை மணி நேரம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய மாலைகளுக்கு நான் எண் எதுவும் தருவதில்லை. முந்தின நாள் இரவோ அன்று விடியலிலோ போகச் சொல்லிவிடுகிறேன்.

திண்டிவனம்–உளுந்தூர்பேட்டை சுமார் 75 கிலோமீட்டர். ஒரு மணி நேரம். விக்கிரவாண்டிப் பகுதியில் உணவகங்களுக்காக வண்டிகள் திரும்புவதும் நிற்பதும் மிகுதி என்பதால் இங்கே 75க்கு மேல் சராசரி எடுக்க வேண்டாம். அடுத்து உளுந்தூர்பேட்டை–திருச்சி 130 கிலோமீட்டர். இந்தப் பாதையின் மிக இலகுவான பகுதி இதுதான். ஒரு மணி 35 நிமிடம். கடைசித் துண்டான திருச்சி–மாட்டுத்தாவணியும் அதே 130, அதே நேரம். ஆனால் திருச்சியில் பால்பண்ணை, ஜி கார்னர் பக்கம் காலை மாலை நெரிசல் நேரத்தில் சிக்கினால் 20 நிமிடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புறவழிச்சாலைதானே என்று நம்பிவிட முடியாது. ஊர் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

கூட்டினால் 5 மணி 40 நிமிடம். இதனுடன் இரண்டைச் சேர்க்க வேண்டும். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி என வழியில் எட்டுச் சுங்கச்சாவடிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் என்றால் கால் மணி நேரம். இரண்டாவது, ஓய்வு. ஒரே ஓட்டுநர் என்றால் குறைந்தது 45 நிமிடம், இரண்டு நிறுத்தங்களாக. ஓய்வை மிச்சம் பிடித்து நேரத்தை ஈடுகட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் காரில் ஏறாதீர்கள். ஆக, கிளாம்பாக்கத்திலிருந்து மாட்டுத்தாவணி வரை 6 மணி 40 நிமிடம் என்பதே தாளில் எழுத வேண்டிய எண்.

செயலி 6 மணிக்குக் குறைவாகக் காட்டினால் அது பொய் சொல்வதாக எண்ண வேண்டாம். அது நிற்காமல் ஓடும் நேரம், அதுவும் நீங்கள் பார்க்கும் அந்த நொடியின் நெரிசலை வைத்து. இரவு 11 மணிக்கு வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மறுநாள் மாலை 5 மணிக்குப் புறப்படுபவர்கள் ஏமாறுவது இதனால்தான். செயலியிலேயே புறப்படும் நாளையும் நேரத்தையும் மாற்றிப் பார்க்கும் வசதி இருக்கிறது. 2ஆம் படியில் குறித்த கிழமையை இங்கே கொடுங்கள்.

சுங்கக் கட்டணத்தை இங்கே எழுதாததற்குக் காரணம், அது ஆண்டுதோறும் மாறுகிறது என்பதே. சில சாவடிகளில் ஏப்ரல் 1, சிலவற்றில் செப்டம்பர் 1. ஃபாஸ்டேக் கணக்கில் இருப்பு இருக்கிறதா என்பதை முந்தின நாளே பாருங்கள். 2025 ஆகஸ்ட் 15இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஆண்டுப் பாஸ் வைத்திருப்போருக்கு, மொத்தமுள்ள 200 பயணங்களில் ஒரு வழிக்கு எட்டு கழியும். ஒரு சாவடியைக் கடப்பதே ஒரு பயணம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

6. பேருந்து என்றால் கணக்கு வேறு

காரின் நேரத்தில் கொஞ்சம் கூட்டினால் பேருந்தின் நேரம் என்று எண்ணக்கூடாது. பேருந்தின் வேகத்துக்கு உச்சவரம்பு உண்டு. வழியில் ஆட்களை ஏற்றி இறக்குவதும், உணவகத்தில் 15, 20 நிமிடம் நிற்பதும், சில பேருந்துகள் திருச்சிக்குள் நுழைந்து வெளிவருவதும் சேர்ந்து, கிளாம்பாக்கத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கு எட்டு முதல் ஒன்பதரை மணி நேரம் ஆகும்.

ஏறுமிடத்தைச் சரிபாருங்கள். தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து புறப்பட்ட பழக்கத்திலேயே இன்னும் நேரம் போடுபவர்கள் இருக்கிறார்கள். 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டதிலிருந்து நிலைமை மாறிவிட்டது. வடசென்னையில் இருப்பவர் முனையத்தை அடையவே ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

தேதிப் பிழை இன்னொன்று. இதில் சிக்காதவர்கள் குறைவு. சனிக்கிழமை இரவு 12.15 மணிப் பேருந்து என்று நாம் பேச்சில் சொல்வது, முன்பதிவில் ஞாயிற்றுக்கிழமைத் தேதியில் இருக்கும். சனிக்கிழமைத் தேதியில் பதிவு செய்தவர் ஒரு முழு நாள் பிந்தி வந்து நிற்கிறார். நள்ளிரவுக்குப் பிந்தைய பேருந்துக்கு நான் எப்போதும் கிழமையையும் தேதியையும் சேர்த்து எழுதி அனுப்பி, “அதற்கு முந்தின இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்” என்று ஒரு வரியும் சேர்க்கிறேன்.

திருநெல்வேலி, நாகர்கோவில் செல்லும் பேருந்துகளில் மதுரைக்கு இடம் எடுத்தால், அது நிலையத்துக்குள் வருமா அல்லது ரிங் ரோட்டில் இறக்கிவிடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு ரிங் ரோட்டில் ஆட்டோ கிடைக்க ஆகும் நேரமும் பயண நேரம்தான்.

7. விமானத்தின் நேரத்தை ஐந்து பகுதிகளாக எழுதுங்கள்

பயணச்சீட்டில் உள்ள நேரம் விமானம் ஒரு நிலையத்தின் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறு நிலையத்தின் நிறுத்துமிடத்தில் நிற்பது வரையானது. இந்தத் தடத்தில் ஓடும் ஏடிஆர் எனப்படும் சிறிய விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டிப் பறக்கிறது. 417 கிலோமீட்டருக்கு 50 நிமிடம் போதும் என்று தோன்றும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், வரிசையில் காத்திருத்தல், மேலேறுதல், திருப்பங்கள், இறங்கி மீண்டும் ஊர்தல் எல்லாம் சேர்ந்து சீட்டில் 75 முதல் 85 நிமிடமாகின்றன. ஜெட் விமானம் வேகமானது என்றாலும், பறக்கும் தொலைவு இவ்வளவு குறைவாக இருக்கும்போது அது மிச்சம் பிடிப்பது பத்துப் பதினைந்து நிமிடமே. அதற்காகக் கூடுதல் கட்டணம் கொடுப்பது வீண்.

ஐந்து பகுதிகள் இவை: வீட்டிலிருந்து மீனம்பாக்கம், நிலையத்துக்குள் காத்திருப்பு, சீட்டில் உள்ள நேரம், மதுரையில் வெளியே வருதல், அங்கிருந்து சேருமிடம்.

முதல் பகுதிக்கு மெட்ரோவில் செல்ல முடிந்தால் அதையே கணக்கில் எடுங்கள். அது அதிவேகமானது என்பதற்காக அல்ல. அதன் நேரம் மழையிலும் மாலையிலும் மாறாது என்பதற்காக. புறநகர் ரயிலில் வருவோருக்குத் திரிசூலம் நிலையம் விமான நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. உள்நாட்டு விமானங்கள் முதலாம் முனையம், நான்காம் முனையம் என இரண்டிலிருந்து புறப்படுவதால், சீட்டில் முனைய எண்ணைப் பாருங்கள்.

இரண்டாம் பகுதிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் வையுங்கள். பெட்டி ஒப்படைக்கும் கவுன்ட்டரைப் பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுகின்றன. ஏறும் வாயில் 20 முதல் 25 நிமிடம் முன்பு மூடப்படுகிறது. சீட்டில் 7.00 என்று இருந்தால் பெட்டியுள்ளவருக்கு உண்மையான விமான நேரம் 6.00தான் என்று மனத்தில் எழுதிக்கொள்ளச் சொல்வேன். கைப்பை மட்டும் உள்ளவர் இதில் அரை மணி நேரம் குறைக்கலாம். ஏடிஆரில் தலைக்கு மேலுள்ள அறைகள் சிறியவை. 7 கிலோவுக்கு உட்பட்டதாக இருந்தாலும் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அதில் நுழையாமல் போகலாம்.

மதுரை சிறிய நிலையம். பெட்டி இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் வெளியே வரலாம், இருந்தால் 25. அங்கிருந்து மாட்டுத்தாவணிப் பக்கம் செல்ல 40 நிமிடம்.

தேடல் முடிவுகளில் மலிவாகத் தெரியும் சீட்டைத் தொடுமுன் அது நேரடி விமானமா என்று பாருங்கள். பெங்களூரு, ஐதராபாத் வழியாகச் சுற்றி வரும் இணைப்புச் சீட்டுகளும் அதே பட்டியலில் கலந்து வரும். அவற்றில் ஏறியவர் மதுரையில் இறங்கும்போது, அதே நேரத்தில் காரில் கிளம்பியவர் குளித்து முடித்திருப்பார்.

8. இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பாருங்கள்

சென்னை அண்ணா நகரிலிருந்து மாட்டுத்தாவணி அருகிலுள்ள மண்டபத்துக்குச் செல்பவரை எடுத்துக்கொள்வோம். விமானம்: வீட்டிலிருந்து 60 நிமிடம், காத்திருப்பு 105, சீட்டு நேரம் 80, வெளியே வர 25, மண்டபத்துக்கு 40. மொத்தம் 310 நிமிடம், அதாவது 5 மணி 10 நிமிடம். கார்: கிளாம்பாக்கம் வரை ஒரு மணி நேரம், பிறகு 6 மணி 40 நிமிடம், மொத்தம் 7 மணி 40 நிமிடம். வித்தியாசம் இரண்டரை மணி நேரம்.

இப்போது அதே மண்டபத்துக்குத் தாம்பரத்திலிருந்து செல்பவர். விமான நிலையம் பக்கம் என்பதால் முதல் பகுதி 30 நிமிடமாகக் குறைந்து மொத்தம் 4 மணி 40 நிமிடம். காருக்கோ கிளாம்பாக்கம் வரை 20 நிமிடம்தான்; மொத்தம் 7 மணி நேரம். வித்தியாசம் 2 மணி 20 நிமிடம். ஒன்றேகால் மணியும் ஏழு மணியும் என்று தொடங்கிய ஒப்பீடு இங்கே வந்து நிற்கிறது. மதுரையில் இரண்டு நாள் அலைய வாடகைக் கார் வேண்டியிருக்கும் நான்கு பேர் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. ஒரு பகல் வேலையை முடித்துவிட்டு அன்றே திரும்பும் ஒருவருக்கு இதுவே எல்லாம்.

இதே தாளில் சென்னை–திருச்சியைப் போட்டுப் பார்த்தால், பறக்கும் தொலைவு 290 சொச்சமாகக் குறைந்தாலும் விமானக் கணக்கின் மற்ற நான்கு பகுதிகளும் அப்படியே நிற்பதால், இரண்டும் ஏறத்தாழ சமமாகிவிடுவதைக் காணலாம். தொலைவு குறையக் குறைய விமானம் தன் பலத்தை இழக்கிறது.

9. சேரும் நேரத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்

முகூர்த்தம் காலை 9.00 மணி என்றால், 8.30க்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். காரில் அண்ணா நகரிலிருந்து 7 மணி 40 நிமிடம் பின்னே சென்றால் நள்ளிரவு 12.50 வருகிறது. இந்த எண்ணைப் பார்த்தவுடன் முடிவு தானே வந்துவிடும்: தூங்க வேண்டிய நேரத்தில் ஒரே ஓட்டுநரை வைத்துக்கொண்டு போகக்கூடாது, முந்தின நாளே போய்த் தங்க வேண்டும், அல்லது இரவுப் பேருந்தில் போக வேண்டும். முன்னோக்கிக் கணக்குப் போடுபவர்களுக்கு இந்த 12.50 கடைசிவரை கண்ணில் படுவதே இல்லை.

விமானத்துக்கும் அப்படியே. 8.30லிருந்து 40ஐயும் 25ஐயும் கழித்தால் மதுரையில் 7.25க்குள் இறங்கும் விமானம் வேண்டும். அப்படி ஒரு விமானம் அன்றைய பட்டியலில் இருக்கிறதா என்பதே கேள்வி. இல்லையென்றால் 5 மணி 10 நிமிடம் என்ற அழகான எண்ணால் பயன் இல்லை.

10. புறப்படும் நாளில் பார்க்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் விழுப்புரத்தை ஒட்டிய பகுதியை மட்டுமாவது செய்தியில் பாருங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, அரசூர் அருகே ஆற்று வெள்ளம் நெடுஞ்சாலையின் மேலேயே ஓடி, சென்னை–திருச்சிப் போக்குவரத்து நின்றுபோனது. அத்தகைய நாளில் 460 கிலோமீட்டர் என்ற எண்ணே செல்லாது.

விமானத்துக்குத் தனித் தடை ஒன்று உண்டு: போகிக் காலை. பனியுடன் பழைய பொருட்களை எரித்த புகையும் சேர்ந்து, 2018இல் போகியன்று சென்னையில் விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. ஊருக்குப் பொங்கலுக்குப் போவோர் அந்தக் காலையில் முதல் விமானத்தை நம்பிக் கணக்கிட வேண்டாம்.

11. திரும்பும் பயணத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள்

போன நேரமே வரும் நேரம் என்று எழுதிவிடுவது கடைசிப் பிழை. வெள்ளி மாலை சென்னையை விட்டு வெளியேறும் கூட்டம் ஞாயிறு மாலை உள்ளே வருகிறது; பரனூர் முதல் பெருங்களத்தூர் வரையான பகுதியே பயணத்தின் கடைசியில், ஓட்டுநர் களைத்திருக்கும் நேரத்தில் வருகிறது. ஞாயிறு மதியம் 1 மணிக்கு மதுரையை விட்டால் 7 மணிக்கு அந்த நெரிசலுக்குள் நுழைவீர்கள். காலை 6 மணிக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் அதைக் கடந்துவிடலாம்.

பேருந்தில் வருவோருக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், கூடுவாஞ்சேரி ஆகிய ரயில் நிலையங்கள் சாலையை ஒட்டியே இருக்கின்றன. சாலை அசையாமல் நிற்கும்போது, பெட்டி சிறிதாக இருந்தால், நடத்துநரிடம் சொல்லி அங்கே இறங்கி, செங்கல்பட்டிலிருந்து வரும் புறநகர் ரயிலைப் பிடித்துவிடுங்கள். அதற்கு முன் கைப்பேசியில் அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.